வரும் நாள், போகும் நாள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் “வெப்சைட் செய்து கொடுக்கிறேன்” என்பேன். கேட்டவர் முகத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, “அப்போ வேலைக்கு எங்கயும் போகலையா?” என்பார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பகல் பதினொரு மணிக்குக் கைலியோடு பால்கனியில் நின்று பல் தேய்க்கிற நாற்பத்து மூன்று வயது ஆளைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பிக்கப்போகிற நேரம். பதினான்கு அறை உள்ள ஒரு லாட்ஜின் முதலாளி, எல்லோருக்கும் அண்ணாச்சி, ஆன்லைனில் அறை பதிவு செய்ய ஒரு வெப்சைட் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். என்ன நிறம் என்பதை அவர் முடிவு செய்தார். எந்தப் படம் என்பதையும் அவரே முடிவு செய்தார். அருவிப் படத்துக்கு முன்னால் அவர் வெள்ளைச் சட்டையில் நிற்கிற படம். அருவி பின்னால் இருந்ததால் அதைக் கொஞ்சம் சிறியதாக்கச் சொன்னார். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

“அந்தத் தேதி அமுக்குறது ஒண்ணு வரும்லா, அத மட்டும் நீரு பாத்து நல்லதா போடும் வே.”

எங்கள் தொழிலில் அதை டேட் பிக்கர் என்போம். விரலால் தொட்டால் ஒரு சின்ன காலண்டர் விரியும். அதில் வரும் நாளையும் போகும் நாளையும் தொட வேண்டும். அவ்வளவுதான். யார் யாரோ செய்து இலவசமாகப் போட்டுவைத்தவை நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும். நான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். வேறு வேலை இல்லாதது ஒரு காரணம். அந்தப் பதினோரு நாளும் நானும் ஒரு தேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம்.

என் மகள் மதுரையில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. நானும் அவள் அம்மாவும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்வோம். இரண்டு கதையிலும் குற்றவாளி நான்தான், அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன். நீங்க?” “சாப்பிட்டேன்.” இதற்குப் பிறகு என்ன கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. முன்பு ‘நீ, வா, போ’ என்று பேசியவள் எப்போது ‘நீங்க’வுக்கு மாறினாள் என்று நினைவில்லை. நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்போதுதான் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மாவின் அண்ணன், அதாவது என் மச்சான், ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனை வேலையில் இருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை ஆலங்குளம் பக்கத்துக் கடைகளைப் பார்க்கக் காரில் வருவார்.

“அடுத்த தடவை வர்றப்ப அவளையும் கூட்டிட்டு வர்றேங்கிறான். காலையில குத்தாலத்துல விட்டுருவான். அன்னைக்கே திரும்புறதுன்னாலும் சரி, ராத்திரி உங்ககூட இருந்துட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளம்புறதுன்னாலும் சரி. அவன் ஆலங்குளத்துல மச்சினன் வீட்ல படுத்துக்குவானாம். ஒரு நாளா ரெண்டு நாளான்னு அவளையே கேட்டுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

ஒரு நாளா, இரண்டு நாளா? அந்த மாதம் முழுக்க என் தலைக்குள் ஓடிய ஒரே கேள்வி அதுதான். பகல் மட்டும் வந்து போனால் விருந்தாளி. ஒரு ராத்திரி தங்கி, காலையில் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு “அப்பா, பேஸ்ட் எங்க?” என்று கேட்டால் மகள். என் கணக்கு அது. கேட்டுவிட வேண்டியதுதானே என்றால், அவள் ‘ஒரு நாள்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் இருக்கும்வரை இரண்டு நாளும் என்னுடையவை. இந்த மாதிரி யோசிக்கிற ஆளோடு யார்தான் குடித்தனம் நடத்துவார்கள், சொல்லுங்கள்.

ஆகவே காலண்டர் வேலையில் மூழ்கினேன்.

முதலில் கொண்டுபோனது சக்கரம் மாதிரி சுழலுகிற ரகம். நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று மூன்று சக்கரம். விரலால் தள்ள வேண்டும். லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். வருடம் விர்ரென்று ஓடி முப்பது வருடம் தாண்டிப் போய் நின்றது.

“அதுவரைக்கும் நான் இருப்பனாவே?”

அந்த ரகம் அத்தோடு போயிற்று.

அடுத்தது கட்டம் போட்ட காலண்டர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்தவன் ஊரில் வாரம் திங்கட்கிழமையில் தொடங்கும் போலிருக்கிறது. அண்ணாச்சி முதல் கட்டத்தை ஞாயிறு என்று நினைத்து அமுக்கிவிட்டு, அது திங்கள் என்று தெரிந்ததும் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“ஞாயித்துக்கெழமய கொண்டுபோயி ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கீரு. எனக்குத் தொழிலே அன்னைக்குத்தானவே.”

அதை மாற்றிவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. தலைக்கு மேலே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார்.

“இதுல என்ன இல்ல? அமாவாச இருக்கு, ராகுகாலம் இருக்கு, கரிநாள் இருக்கு, பல்லி விழுந்தா பலன்கூட பின்னால போட்டிருக்கான். உம்ம காலண்டர்ல வெறும் நம்பருதான் கெடக்கு.”

“ரூம் போட வருதவனுக்குப் பல்லி பலன் எதுக்கு அண்ணாச்சி?”

“ரூம்ல பல்லி இருக்குல்லா.”

பல்லியையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் அண்ணாச்சி விடவில்லை. அருவியில் தண்ணீர் எந்த நாள் நன்றாக விழும், எந்த நாள் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள் என்பதையும் காலண்டரிலேயே காட்ட வேண்டும் என்றார். அது மலையில் மழை பெய்வதைப் பொறுத்தது, அதை என்னால் எழுதிவைக்க முடியாது என்றேன்.

“அப்ப என்னத்தவே படிச்சீரு?” என்றார். இருபது வருடமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி.

ஆட்களின் எண்ணிக்கை கேட்கிற பெட்டியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதுவும் தொடாமல் விட்டால் அதில் தானாகவே ‘பெரியவர் 1, குழந்தை 0’ என்று நிற்கும்படி செய்திருந்தேன். ஏதோ ஒரு எண்ணில் நின்றாக வேண்டுமே என்று போட்டதுதான்.

“ஒத்த ஆளா எவன்வே குத்தாலத்துக்கு வாரான்? வேன்ல இருவது பேரா வந்து எறங்குதான். இதப் பாத்தா தூக்குப்போட வந்தவனுக்கு ரூம் குடுக்குத மாதிரில்லா இருக்கு.”

நான்காக மாற்றினேன். மாற்றும்போது, என் வீட்டில் அந்தப் பழைய ‘பெரியவர் 1, குழந்தை 0’ பெட்டி இருந்தால் நான் எதையும் தொட வேண்டியிருக்காது என்று தோன்றியது. தோன்றியதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார். அங்கே வைத்து இன்னும் நாலு திருத்தம் சொல்லியிருப்பார்.

இப்படி ஏழெட்டு காலண்டரைத் தள்ளிய பிறகுதான் அது கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் யாரோ செய்தது. இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் விரியும். ஞாயிறு முதலில் நிற்கும். வரும் நாளைத் தொட்டால் அது பச்சையாகும். தொட்ட கையோடு அடுத்த நாளும் தானாகவே இளம்பச்சையாகி, இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். இன்னும் அதிக நாள் வேண்டுமென்றால் பட்டையை இழுத்துக்கொள்ளலாம். ஒரு ராத்திரிகூடத் தங்காமல் யார் அறை எடுப்பார்கள் என்று அந்தப் புண்ணியவான் நினைத்திருக்கிறான். எனக்கு அந்த நினைப்பு பிடித்திருந்தது. ஒரு நாள் தனியாக நிற்பதை அந்தக் காலண்டர் பொறுத்துக்கொள்ளவில்லை. உடனே துணைக்கு இன்னொரு நாளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியது. மனிதன் மயங்காமல் என்ன செய்வான்?

அண்ணாச்சி அப்போது கடையநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். போனில், “ஞாயிறு மொதல்ல இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்ப போட்டு விடும்” என்றார். போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய தந்திரம் என்று நினைத்து என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மகளுக்கு வாட்ஸ்அப்பில் வெப்சைட்டின் லிங்க்கை அனுப்பினேன். ‘அப்பாவுக்கு ஒரு உதவி. இது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு ஆள் வேண்டும். நீ வருகிற தேதியை இதில் போட்டுப் பார்.’ நேரடியாகக் கேட்டமாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் குறைகள்.

‘மாசம் மாத்துற அம்பு ரொம்ப சின்னதா இருக்குப்பா.’

‘இந்தப் பச்சை நல்லாவே இல்ல. பாசி மாதிரி இருக்கு.’

‘அந்த அங்கிள் ஏன் அருவியை மறைச்சிக்கிட்டு நிக்கிறாரு?’

கடைசியில், ‘போட்டுட்டேன்.’

லாட்ஜின் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் பெயரில் ஒரு பதிவு. வரும் நாள்: சனி. போகும் நாள்: ஞாயிறு.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஞாயிறுதான். ‘சூப்பர்’ என்று அனுப்பினேன். பிறகு ‘சூப்பரோ சூப்பர்’. பிறகு அருவிப் படம் ஒன்று, ரம்புட்டான் படம் ஒன்று, ராத்திரிக்குப் பரோட்டாவா தோசையா என்று ஒரு கேள்வி, ஞாயிறு காலையில் ஐந்தருவிக்கு நடந்தே போகலாம் என்று ஒரு திட்டம். மொத்தம் பதினொன்றோ பன்னிரண்டோ. அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

மறுநாள் தென்காசிக்குப் போய் புதுத் தலையணை உறை, ஒரு சின்ன பேஸ்ட், ரோஜா நிறத்தில் ஒரு துண்டு எல்லாம் வாங்கினேன். என் மாடி வீட்டில் ஒரே ஒரு கட்டில், அதிலும் பாதியைத் துவைத்த துணிதான் ஆண்டுகொண்டிருந்தது. அதனால் லாட்ஜிலேயே மலை தெரிகிற அறை ஒன்றை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கினேன். “மக வருதாளா? ஒன்பதாம் நம்பர எடுத்துக்கிடும்” என்றார். மகள் போட்ட பதிவை அந்த அறைக்கே மாற்றிவைத்தேன். அந்த அறையில் கொசு எப்படி என்று பார்க்க ஒரு மதியம் அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார். குரலில் அருவியே விழுந்தது.

“வே, எங்க இருக்கீரு? உடனே வாரும். உம்ம காலண்டரு நம்ம தொழிலுக்கே சங்கு ஊதிரும் போலுக்கு.”

போனேன். மேஜை மேல் பதிவுகளை அச்செடுத்துப் பரப்பி வைத்திருந்தார்.

“இந்தா பாரும். சாத்தூர் பார்ட்டி, ரெண்டு நாளு. ராஜபாளையம் பார்ட்டி, ரெண்டு நாளு. அருப்புக்கோட்டை, ரெண்டு நாளு. போன் போட்டுக் கேட்டா எவனும் தங்கலங்கான். ‘காலைல வந்து சாயங்காலம் போயிருவோம் அண்ணாச்சி, ஒரு நாளு அமுக்குனா ரெண்டு நாளா வருது’ங்கான். இப்ப ஞாயித்துக்கெழம பூரா ரூம் இல்லன்னு காட்டுது. உள்ள பாத்தா ரூமெல்லாம் காத்தாடிக்கிட்டு கெடக்கும். கேக்குதவனுக்கெல்லாம் ரூம் இல்லன்னு சொல்லுது உம்ம மெசினு.”

நான் அருப்புக்கோட்டைத் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

“நீரு இந்த ஊர்லதானவே இருக்கீரு? வேன்ல வாரான். ரூம் போடுதான், பையப் போடுதான், எண்ணெயத் தேய்க்கான், குளிக்கான், திங்கான், ஒரு தூக்கம் தூங்குதான், மறுபடி குளிக்கான், சாயங்காலம் சிப்ஸ வாங்கிட்டுப் போயிருதான். குத்தாலத்துல எவன்வே ராத்திரி தங்கணும்னு ரூம் எடுக்கான்?”

அவர் சொன்னது அத்தனையும் சரி. என் வீட்டுப் பால்கனிக்குக் கீழேதான் அந்த வேன்கள் காலையில் பாட்டோடு போகின்றன; பொழுது சாயும்போது ஈரத்துணியைச் சன்னலில் பறக்கவிட்டுத் திரும்புகின்றன. வருடக்கணக்காகப் பார்க்கிறேன். இந்த ஊரில் அறை என்பது குளிப்புக்கு நடுவே காலை நீட்ட ஓர் இடம். இதைத் தெரிந்துகொள்ள மேலகரத்தில் பத்து நாள் இருந்தால் போதும். நான் எங்கேயோ பனி பெய்கிற ஊர்க்காரன் செய்த காலண்டரைப் பார்த்து, அது துணைக்கு ஆள் சேர்க்கிறது என்று மயங்கி நின்றவன்.

ஆனால் அந்த நிமிடம் எனக்கு அண்ணாச்சியின் தொழில் ஞாபகத்தில் இல்லை. ஒரு நாள் அமுக்கினால் இரண்டு நாளாக வருகிறது. அப்படியானால் மகளின் ஞாயிறு? அதை அவள் அமுக்கினாளா, அதுவாக வந்ததா?

கண்டுபிடிப்பது சுலபம். சோதனைக்காக, யார் எந்த இடத்தில் எத்தனை தடவை தொடுகிறார்கள் என்பதை எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்படி எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். கோப்பு இருந்தது. அவள் போட்ட நாளும் நேரமும் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு வரிக்குப் போனால் போதும். ஒரு தொடுதலா, இரண்டு தொடுதலா?

மூடிவிட்டு, போய்த் தேங்காய் துருவினேன். அன்று எனக்குத் தேங்காய் தேவைப்படவே இல்லை.

காலண்டரை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்தேன். இப்போது ஒரே நாளில் வந்து போகிறவர் ஒரே நாளைத் தொடலாம். பக்கத்தில் எதுவும் பச்சையாகாது. பழைய பதிவுக்காரர்களுக்கு எல்லாம் அண்ணாச்சியின் பேரில் ‘மீண்டும் ஒருமுறை தேதியைச் சரிபார்க்கவும்’ என்று செய்தி அனுப்பினேன். ஒருத்திக்கு மட்டும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை காலையில் சாரல் பிடித்துக்கொண்டது. மெயினருவிக்குப் போகிற சாலையில் நெரிசல். மச்சான் காரை லாட்ஜ் வாசலில் ஓரங்கட்டுவதற்குள் பின்னால் நாலு வேன் ஹாரன் அடித்தது, போலீஸ்காரர் விசில் ஊதினார். மகள் இறங்கினாள். என் தோளுக்கு வந்திருந்தாள். போன தடவை பார்த்தபோது நெஞ்சுக்குத்தான் இருந்தாள்.

“கிளம்புறப்ப போன் பண்றேன்” என்றார் மச்சான் கண்ணாடியை இறக்கி. எப்போது கிளம்புவார்? இன்றா, நாளையா? ஒரே ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. நான், “டீ சாப்பிட்டுப் போறது?” என்று கேட்டேன். போலீஸ்காரர் மறுபடி விசில் ஊத, கார் போய்விட்டது.

அவள் தோளில் ஒரு பை. நான் தூக்கிக்கொள்கிறேன் என்று வாங்கி, லாட்ஜின் மாடிப்படி ஏறும்போது எடை பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. ஒரு மாற்றுத்துணிக்கு இவ்வளவு எடை வராது என்று ஒரு படியில் நினைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலையே இரண்டு கிலோவுக்குத் தூக்குகிறார்கள் என்று அடுத்த படியில் நினைத்தேன்.

அருவிக்குப் போனோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பது எனக்கு அந்த இடத்தில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. ஒரு வருடமாகக் கனவு கண்ட குளியலில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு திசை. அவள் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் இரைச்சலைப் பார்த்துத் தயங்கி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தூரத்திலிருந்து கையை ஆட்டி ‘போ, போ’ என்றேன். அப்போது தலை முழுக்க எண்ணெயோடு ஒரு பெரிய பொம்பளை அவள் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, ஒத்தையிலயா நிக்க? இங்கன வா. என் சேலையப் புடிச்சிக்கோ, தண்ணி ஒண்ணும் செய்யாது.”

அவள் உள்ளே போனாள். வெள்ளைத் தண்ணீருக்குள் பத்துப் பதினைந்து தலைகள். எது என் மகள் என்று தெரியவில்லை. அவளுடைய சிரிப்பு மட்டும் ஒரு தடவை கேட்டது. அதுகூட அவளுடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் குளிக்கப் போகவில்லை. ரோஜா நிறத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வாசனையும் ஈரமும் கலந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவே உலர்ந்த ஒரே மனிதனாக உட்கார்ந்திருந்தேன்.

பையின் ஜிப் ஓர் அங்குலம் திறந்திருந்தது. திறந்து பார்த்தால் பல் தேய்க்கிற பிரஷ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கை போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னையும் பையையும் பார்த்த பார்வையில், கை தானாகத் திரும்பி மூக்கைச் சொறிந்தது.

பகலில் பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கிச் சாப்பிட்டோம். பேச்சு வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட வந்தது. அவள் கணக்கு டீச்சரைப் போல நடந்து காட்டினாள். நான் அண்ணாச்சியைப் போலக் கட்டைவிரலால் சக்கரம் சுழற்றிக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பல்லிக் கதையைச் சொன்னபோது மங்குஸ்தான் சாறு அவள் சட்டையில் தெறித்தது. “ஐயோ, வேற டிரஸ் இல்லையே” என்றாள். உடனே குனிந்து துடைக்க ஆரம்பித்தாள். நான் கேட்காதவன் போல, பழம் இன்னும் ஒரு கிலோ வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

மூன்றரை மணிக்கு ஒன்பதாம் நம்பர் அறையின் பால்கனியில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். என் போனை வாங்கி லாட்ஜ் வெப்சைட்டைத் திறந்தாள்.

“அம்பைப் பெருசாக்கிட்டீங்க!”

“நீ சொன்னேல்லா.”

அவள் காலண்டரைத் தொட்டாள். இன்னொரு தடவை தொட்டாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

“இப்ப ஒரு நாள் மட்டும் அமுக்க முடியுது?”

“நேத்துதான் சரி பண்ணேன். முன்னாடி ஒரு தப்பு இருந்துச்சு.”

“தெரியும்.” ஈரத் தலைமுடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நான் ஒரு தடவைதான் அமுக்கினேன்ப்பா. ஞாயித்துக்கிழமை அதுவா வந்துருச்சு. மாத்தலாம்னு பார்த்தா மாறவே மாட்டேங்குது.”

“சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொல்லலாம்னுதான் டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க சூப்பர் சூப்பர்னு ஆரம்பிச்சுட்டீங்க. பரோட்டாவா தோசையான்னு வேற கேட்டீங்க.” குரல் இறங்கியது. “திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு. நாளைக்கு டியூஷன். அம்மா நீயே சொல்லுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு வாரமாக இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். அப்பனுக்கு எது வலிக்கும் என்று யோசித்து, டைப் செய்ததை அழித்திருக்கிறாள். நான் கோப்பைத் திறக்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அதே நாட்களில்.

“அது சரி, எனக்கும் தெரியும்” என்றேன்.

“தெரியுமா? அப்புறம் ஏன் கேக்கலை?”

“எனக்கும் எப்படிக் கேக்குறதுன்னு தெரியலை.”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். “லூசாப்பா நீங்க?” என்றாள் கடைசியில். ஆமாம் என்றேன்.

நாலே முக்காலுக்கு மச்சானின் போன் வந்தது. பையைத் தூக்கிக்கொடுத்தேன். உள்ளே இருந்த கனம் என்னவென்று அப்போது தெரிந்தது. காரில் உட்கார்ந்ததும் அவள் வெளியே எடுத்தது, வரும்போது படித்துக்கொண்டே வந்த அறிவியல் புத்தகமும் நோட்டும். மங்குஸ்தானையும் நேந்திரங்காய் சிப்ஸையும் பின்சீட்டில் வைத்தேன். ரோஜா நிறத் துண்டு ஈரமாக இருந்ததால் வேண்டாம் என்றாள். கார் திரும்புகிறவரை கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். பிறகு முன்னால் ஒரு வேன் வந்து மறைத்துவிட்டது.

சாவியைக் கொடுக்க வரவேற்பு மேஜைக்குப் போனேன். அண்ணாச்சி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“புள்ள எங்க?”

“ஊருக்குப் போயிட்டா அண்ணாச்சி. திங்கக்கெழம பரீட்சையாம்.”

அவர் மேஜையில் இருந்த பேனாவை நேராக எடுத்து வைத்தார்.  “ரூம் சும்மாதான கெடக்கு. நீரு இங்கனயே படுத்துக்கிடும். காலைல அருவியில ஒரு முங்கு முங்கிட்டுப் போவலாம்லா?”

“இல்ல அண்ணாச்சி. வீட்ல வேலை கெடக்கு.”

வீட்டில் என்ன வேலை என்று அவர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி இதுவரை எழுதிய கிண்டலுக்கெல்லாம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கேயே நின்று போனில் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் பெயரில் இருந்த பதிவில் விரலை வைத்து, போகும் நாளை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினேன். மாறியது. நானே எழுதிய திருத்தம்தான், மாறாமல் என்ன செய்யும்? ஒன்பதாம் நம்பர் அறைக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமை காலியாயிற்று.

மேலகரம் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாரல் விட்டிருந்தது. போன் ஒரு தடவை அதிர்ந்தது. மகளோ என்று எடுத்தேன். லாட்ஜின் புதுப் பதிவு. ஒன்பதாம் நம்பர் அறை, கோவில்பட்டிக் குடும்பம், பெரியவர் ஆறு, குழந்தை மூன்று. வரும் நாள் ஞாயிறு, போகும் நாள் ஞாயிறு. பக்கத்தில் எதுவும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று அண்ணாச்சிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன்.